கறவை கூடியும் ஏடு குறைவது ஏன்?

கேள்வி (பாகூர்): எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. கறவை நன்கு ஏறியிருந்தாலும், காய்ச்சி ஆறவைத்த பாலில் முன்பு கரண்டியால் வழிக்கும்படி படிந்த ஏடு இப்போது மெல்லிய தோலாகவே நிற்கிறது. காரணம் என்ன?

பதில் (குறிஞ்சிப்பாடி): ஈன்ற 6 முதல் 8 வாரங்களில் பால் உச்சத்தை எட்டும்போது கொழுப்புச் சதவீதம் தாழ்ந்து, கறவை வற்றும் காலத்தில் மீண்டும் உயர்வது இயல்புதான். எனினும், அரிசிக் கஞ்சியும் கலப்புத் தீவனமும் மிகுந்து வைக்கோல் குறைந்தால், மாட்டின் வயிற்றில் நார்ச்சத்து நொதித்து உண்டாகும், பால் கொழுப்புக்கு மூலப்பொருளான அசிட்டிக் அமிலம் குறைந்து கொழுப்பும் சரியும்.

பதில் (வில்லியனூர்): கன்றை எப்போது ஊட்ட விடுகிறீர்கள்? முதலில் பீச்சும் பாலைவிடக் கடைசிப் பாலில்தான் கொழுப்பு பல மடங்கு அதிகம். அதைக் கன்று குடித்துவிட்டால் ஏடு எங்கிருந்து வரும்?

கேட்டவர்: கடைசிப் பால் கன்றுக்குத்தான் போகிறது. இனி ஒரு காம்பை அதற்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஒட்டக் கறந்து பார்க்கிறேன்.