பொருமல் வேறு, உப்பல் வேறு

வயிற்றுத் தொல்லைகள் பற்றிய துண்டறிக்கைக்கு, ஆங்கில மருத்துவச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் தேடுகிறோம். அதைப் பற்றித் தேவகோட்டை அண்ணன் எழுதியது:
> ப்ளோட்டிங், டிஸ்டென்ஷன் இரண்டுக்கும் ‘வயிற்று வீக்கம்’ என்றே போட்டுவிடலாமே? எதற்கு இரண்டு சொல்?

அண்ணன், ஒரு சொல் போதாது. முதலாவது, நோயாளிக்கு மட்டும் தெரிவது: வயிற்றுக்குள் ஏதோ அடைத்து நிற்கிற உணர்வு. இரண்டாவது, நாடா வைத்து அளக்கக்கூடியது: வயிற்றின் சுற்றளவே கூடிவிடுவது. ஒன்று வந்தால் மற்றதும் வந்தே தீரும் என்பதில்லை.

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் இரண்டையும் தினமும் கேட்கிறேன். கல்யாண வீட்டில் மொச்சை மண்டியை ஒரு பிடி பிடித்துவிட்டு வரும் ஆச்சி, “வயிறு பொருமிக்கிட்டே இருக்கு தம்பி” என்பார். பார்த்தால் வயிறு எப்போதும் போலத்தான் இருக்கும். இன்னொருவர், “காலையில சரியாத்தான் இருக்கு, பொழுது சாஞ்சா பாவாடை நாடா இறுக்குது, வயிறு உப்பிப்போகுது” என்பார். முன்னது பொருமல், பின்னது உப்பல். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. ‘உப்புசம்’ நல்ல சொல்தான், ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஓடுகிறது.

‘உள்ளுக்குள் பொருமுகிறான்’ என்று மனக்குமுறலுக்கும் சொல்கிறோமே, குழப்பாதா என்று கானாடுகாத்தான் நண்பர் கேட்டிருந்தார். குழப்பாது. அங்கேயும் வெளியே தெரியாத ஒன்றைத்தானே சொல்கிறோம்?

‘வாயு வீக்கம்’ என்ற பரிந்துரையை மட்டும் எடுத்துவிடுங்கள். மொச்சையில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியா நொதிக்க வைத்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாக்கும். பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கும் இதே கதை. இதுவரை வாயு சரி. ஆனால் வாயு வழக்கமான அளவில் இருந்தும், குடல் நரம்புகள் கூர்ந்து உணர்வதால் பொருமுகிறவர்கள் உண்டு. சிலருக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை) கீழே இறங்கி, வயிற்றின் முன்தசை தளர்ந்து, வாயு பெரிதாகக் கூடாமலே வயிறு முன்னே தள்ளும். மலச்சிக்கலும் ஒரு காரணம். காரணத்தைப் பெயரிலேயே கட்டிவைத்தால் இவர்களை எங்கே சேர்ப்பது?

அஸைட்டிஸ், அதாவது வயிற்றறையில் நீர் சேர்வது, தனிச் சங்கதி. கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ், வயிற்றுக் காசநோய், இதயச் செயலிழப்பு, புற்றுநோய் என்று அதன் வேர்கள் வேறு. அதற்கு ‘வயிற்று நீர்க்கோவை’ வேண்டாம். சளிக்கும் தலைபாரத்துக்கும் நெற்றியில் பற்றுப் போடும் நீர்க்கோவை மாத்திரை என் கடையிலேயே விற்கிறது! ‘மகோதரம்’ என்றே வைக்கலாம். வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், ஊருக்குத் தெரிந்த சொல்.

துண்டறிக்கைக்கு இன்னொன்றும் தேவை. ஐம்பது வயது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்த பொருமல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், சூலகப் (ஓவரி) புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் வந்து போவதிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ‘விடாப்பொருமல்’ என்று வைக்கலாமா? ‘நீடித்த வயிற்று அசௌகரியம்’ என்று அச்சடித்தால் எந்த ஆச்சியும் அது தனக்குச் சொன்னது என்று நினைக்க மாட்டார். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.