1998 சுபாரு அவுட்பேக்: திருப்பத்தில் இழுக்குது, நெடுஞ்சாலையில் கொதிக்குது. எதில தொடங்கலாம்?

மார்க்கம்_வேகன்

வணக்கம். கார் 1998 சுபாரு லெகசி அவுட்பேக், 2.5 லீற்றர் இரட்டை கேம் எஞ்சின், ஒட்டோமற்றிக். 264,000 கி.மீ. ஓடினது, மூன்று வருசமா வெளியில நின்றது. ஒன்ராறியோவில ஓடின கார், உப்பு தின்றுதான் இருக்கும்.

பார்க்கிங்கில ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சுத் திருப்பினால், பின்னால யாரோ பிறேக் பிடிக்கிற மாதிரி விட்டு விட்டு இழுத்து உதறுது. சூடான பிறகு இன்னும் மோசம். நேரே போகேக்க ஒன்றும் இல்லை. அடுத்தது, ஊருக்குள்ள ஒரு மணித்தியாலம் ஓடினாலும் வெப்பமுள் அசையாது; 401 நெடுஞ்சாலையில ஏறி 25 நிமிசத்தில மேல போகுது. கூலன்ட் போத்தலுக்குள்ள குமிழி வருது, ஆனால் ஒயில் பால் நிறமாகேல்லை. பெற்றோல் நிரப்பினால் பின் வலப்பக்கம் மணக்குது.

கராச்சில கியர்பெட்டியை மாத்து, எஞ்சினுக்குப் பதிலா சுபாருவின்ர 2.2 லீற்றர் எஞ்சின் போடு என்கிறார்கள். இரண்டும் தேவையா? எஞ்சின் தூக்கி, டோர்க் ரென்ச், ஜாக் ஸ்டாண்ட் எல்லாம் இருக்கு. வேலை நானே செய்வன்.

கியர்பெட்டி

தம்பி, கியர்பெட்டியை மாற்றச் சொன்னவர் முதலில் ஒரு ஃபியூஸ் போட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

உங்கள் ஒட்டோமற்றிக்கில் நடு டிஃபரன்ஷியல் (முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) இல்லை. பின்சக்கரங்களுக்குப் போகும் விசையைப் பெட்டியின் வாலில் இருக்கும் ஒரு கிளட்ச் அடுக்குத்தான் பிடித்தும் விட்டும் அனுப்புகிறது. அதன் அழுத்தத்தை ஆளுவது டியூட்டி சி சோலனாய்டு என்ற மின்காந்த வால்வு. மின்சாரம் போகாவிட்டால் கிளட்ச் முழுக்கப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே சோலனாய்டு செத்தாலும் வயர் அறுந்தாலும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டம் போகவேண்டும். பூட்டு விடாததால் ரயர் தரையில் இழுபடுகிறது. உங்களுக்கு வரும் உதறல் அதுதான்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பானட்டுக்குள் பயணி பக்கப் பின்மூலையில் எஃப்டபிள்யூடி (முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) என்று எழுதிய வெற்றுக் கூட்டில் ஒரு ஃபியூஸைச் செருகுங்கள். சின்ன உபரிச் சக்கரம் மாட்டினால் பயன்படுத்தவென்று வைத்த கூடு அது. எஞ்சினைக் கிளப்பினால் டேஷ்போர்டில் எஃப்டபிள்யூடி விளக்கு எரியவேண்டும். இப்போது அதே திருப்பத்தைத் திருப்பிப் பாருங்கள். இழுவை போய்விட்டால் சோலனாய்டும் கிளட்சும் விடக்கூடிய நிலையில்தான் இருக்கின்றன. குற்றம் ரயரிலோ பழைய எண்ணெயிலோ இருக்கலாம். போகாவிட்டால் சோலனாய்டு, அல்லது கிளட்ச் தகடுகளின் பற்கள் டிரம்மில் வெட்டிய பள்ளத்தில் சிக்கி நிற்கின்றன.

கிளப்பும்போது ஏடி ஒயில் டெம்ப் (கியர்பெட்டி எண்ணெய் வெப்ப) விளக்கையும் கவனியுங்கள். அது 16 தடவை சிமிட்டினால் கணினி ஒரு மின்கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள்.

நாலு ரயரையும் ஒரே காற்றழுத்தத்தில் வைத்து, நடு ஓட்டத்தைச் சுற்றி நாடா பிடித்து அளவுங்கள். சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இரண்டு ரயர் மட்டும் புதிதாகப் போட்டு இந்தக் கிளட்சைத் தின்னக் கொடுத்தவர்கள் ஏராளம்.

துருக்காரன்

எல்லாத்துக்கும் முதல் கீழ படுத்துப் பாருங்கோ. எஞ்சினையும் கியரையும் காப்பாற்றலாம், ஓட்டைத் தகட்டில அவற்றைத் தொங்கவிட ஏலாது.

பெற்றோல் மணம் அநேகமா நிரப்புக் குழாய்தான். பின் வலச் சக்கரத்தைக் கழற்றி உள்உறையை எடுத்தால், குழாயை மூடி ஒரு காப்புத் தகடு இருக்கும். அதுக்குள்ள உப்புச்சேறு நின்று குழாய் சல்லடையாகும். ஒட்டுப் போடாதேங்கோ, புதுக் குழாய் வாங்குங்கோ, ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்து மாத்துங்கோ. டாங்கி குறைவா இருக்கேக்க செய்யவேணும். அந்தப் பக்கம் கிரைண்டர் வேண்டாம்.

பிறகு சரக்குத் தளத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பின் ஷொக் கோபுரத்தை (ஷொக்கின் மேல்முனை பூட்டிற தகடு) ஸ்குரூட்ரைவரால குத்துங்கோ. முனை உள்ள போனால் அங்கேயே நிறுத்துங்கோ. அது எடை தாங்கிற இடம்; புட்டி பூசிற இடமில்லை, தகடு வெட்டி வெல்ட் பண்ணவேணும். பின் சக்கர வளைவு பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். பெற்றோல் டாங்கிக்கு மேலாலும் பின் அச்சுக்கு மேலாலும் போற பிறேக் குழாய்களையும் தடவிப் பாருங்கோ. செதில் கழன்றால் 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் குழாய் போடுங்கோ. வளைக்க லேசு, துருவும் பிடிக்காது.

பாக்ஸர்_பிரியன்

நகரத்தில் குளிர்ந்து, நெடுஞ்சாலைப் பாரத்தில் மட்டும் சூடேறி, போத்தலில் குமிழி விட்டால் உங்கள் 2.5 எஞ்சினான இஜே25டி-யில் சந்தேகமே வேண்டாம், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு). எரிவாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. தண்ணீர் எண்ணெயில் கலப்பது இதில் அபூர்வம், அதனால் எண்ணெய் சுத்தமாக இருக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம். கம்ப்ரஷன் அளவும் பலநேரம் சரியாகவே காட்டும். ரேடியேட்டர் வாயில் நீல ரசாயனச் சோதனை வைத்துப் பாருங்கள், மஞ்சளானால் உறுதி.

எஞ்சினை வெளியே எடுத்துத்தான் செய்யவேண்டும். உள்ளேயே வைத்துச் செய்யலாம் என்பவர்கள் பின் எண்ணெய் ஒழுக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். எஞ்சினை டார்க் கன்வெர்ட்டரோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பிரிப்பான் தகட்டை எடுத்துவிட்டு உலோகத் தகடு போடுங்கள். எண்ணெய் பம்பைக் கழற்றி, அதன் பின்தகட்டு ஸ்க்ரூக்களைத் திரிப்பூட்டுப் பசை வைத்து இறுக்குங்கள். பெரும்பாலும் தளர்ந்துதான் இருக்கும். கேம் சீல், கிராங்க் சீல், பிளக் குழாய் சீல் எல்லாம் இந்தக் கையோடு.

ஹெட்டைப் பட்டறையில் கொடுத்துத் தட்டையாக்குங்கள். வளைவு 0.05 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். பிளாக் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். சுழலும் உராய்வு வட்டு போட்டால் அதன் தூள் எண்ணெயோடு போய் பேரிங்கை அரைத்துவிடும். பலஅடுக்கு எஃகு கேஸ்கெட் வாங்குங்கள், பழைய வகை வேண்டாம்.

ஹெட்டுக்கு ஆறு போல்ட். 14 மி.மீ. பன்னிரு முனை சாக்கெட் வேண்டும். திரிக்கும் வாஷருக்கும் எண்ணெய் தடவி, கையேட்டு வரிசைப்படி முதலில் 29 நியூட்டன் மீட்டர், பிறகு 69. அதன்பின் எல்லாவற்றையும் 180 பாகை தளர்த்தி, மறுபடியும் 180 தளர்த்துங்கள். இப்போது நடு இரண்டையும் 34, மற்ற நான்கையும் 15. கடைசியாக எல்லாவற்றையும் 80 முதல் 90 பாகை, இன்னொரு தடவை 80 முதல் 90 பாகை. இரண்டும் சேர்ந்து 180-ஐத் தாண்டக்கூடாது. தளர்த்தும் படியைத் தவிர்ப்பவர்கள்தான் ஒரு வருடத்தில் திரும்பவும் எஞ்சினைத் தூக்குகிறார்கள்.

1998-இல் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது ஷிம் என்ற சிறு தகட்டால்: உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.25 மி.மீ. எந்த ஷிம் எந்த வால்வு வாளியில் (வால்வின் தலைமேல் இருக்கும் கிண்ணத்தில்) இருந்தது என்று முட்டை அட்டையில் எண் போட்டு வையுங்கள்.

டைமிங் பெல்ட்டை முழு கிட்டாக மாற்றுங்கள்: பற்சக்கர ஐட்லர், டென்ஷனர், வாட்டர் பம்ப். கிராங்க் சக்கரத்தில் அம்புக்குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்புறப் பல்லில் இருக்கும் சின்னக் கோடுதான் குறி. டென்ஷனரை வைஸில் செங்குத்தாக வைத்து மூன்று நிமிடமாவது மெல்ல மெல்ல அமுக்கி, திரும்ப விரியாதபடி அதன் துளையில் ஊசி செருகுங்கள். அவசரப்பட்டால் உள்சீல் போகும். பெல்ட் இல்லாதபோது கேமை மனம்போல் சுழற்ற வேண்டாம். ஒரே ஹெட்டுக்குள்ளேயே வால்வும் வால்வும் இடித்து வளையும்.

மார்க்கம்_வேகன்

எல்லாரும் சொன்னபடி பார்த்தன். ஷொக் கோபுரம் இரண்டும் கெட்டி, மேல் துருதான். நிரப்புக் குழாயில மூன்று ஓட்டை. நீலம் மஞ்சளாச்சு. எஃப்டபிள்யூடி விளக்கு எரியுது, ஆனால் இழுவை போகேல்லை. கிளப்பேக்க 16 சிமிட்டல் இருக்கு. பெட்டியின் கனெக்டரில டியூட்டி சி கம்பிமுனையை அளந்தால் ஓம் மீட்டர் அசையவே இல்லை. பின் ரயர் இரண்டும் சுற்றளவில 9 மி.மீ. குறைவு.

கியர்பெட்டி

அப்படியென்றால் பெட்டி தப்பியது. அங்கே ஏறத்தாழ 10 முதல் 15 ஓம் வரை காட்டவேண்டும். சோலனாய்டின் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே போகும் வயர்.

பெட்டியைக் கீழே இறக்காமலே செய்யலாம். எண்ணெய் வடித்து, சைலன்சர் குழாயையும் புரொப்பல்லர் தண்டையும் கழற்றுங்கள். பெட்டியை ஜாக்கில் தாங்கிக்கொண்டு குறுக்குத் தாங்கியை எடுத்தால் வால்கூடு பின்னால் உருவி வரும். கிளட்சும் சோலனாய்டும் அதற்குள்தான். திறந்த கையோடு டிரம்மின் பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சோலனாய்டு மட்டும் மாற்றி மூடாதீர்கள். கழிவுக் காரிலிருந்து நல்ல டிரம் எடுத்து, தகடுகளைப் புதிதாகப் போடுங்கள்.

மொத்தம் 9.5 லீற்றர் எண்ணெயில் ஒரு தடவை வடித்தால் ஏறத்தாழ 4 லீற்றர்தான் வரும். ஆகவே இடையில் ஓட்டிக்கொண்டு மூன்று தடவை மாற்றுங்கள். முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் தனி. அதற்குத் தனிக் குச்சி, தனி வடிகுழி. எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறேன் என்று அதை வடித்துவிட்டு, எஞ்சினில் இரட்டிப்பாக ஊற்றுவது இந்தக் கார்களில் அடிக்கடி நடக்கும் கூத்து. முன் டிஃபரன்ஷியலுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-5 எண்ணெய்.

ரயர் நாலும் ஒன்றாக. வேறு வழியில்லை.

பாக்ஸர்_பிரியன்

2.2 பற்றிக் கேட்டீர்கள். 1996 வரை வந்த 2.2-இல் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, அது நல்ல எஞ்சின்தான். ஆனால் புகைக்குழாய் வாய் ஹெட்டுக்கு ஒன்றா இரண்டா என்று பார்த்து வாங்கவேண்டும். உங்கள் குழாய்க்கு இரண்டு வாய் வேண்டும். உங்கள் எஞ்சின் கொதித்து நின்றதில்லை என்றால் கேஸ்கெட்டே போதும்.

எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் உருளை) பெட்டிக்குள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தள்ளிச் சுழற்றிப் பாருங்கள். முன்னுக்கு வந்த நிலையில் போல்ட்டை இறுக்கி எஞ்சினை இழுத்தால் பெட்டியின் எண்ணெய் பம்ப் உடையும். கூலன்ட் ஊற்றும்போது மேல் ஹோஸ் வழியாக பிளாக்கை முதலில் மெல்ல நிரப்பி, ரேடியேட்டரின் மேல்மூலைக் காற்றுத் திருகைத் திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட் கம்பெனிப் பொருளாகவே இருக்கட்டும், ஆடும் ஊசி மேல்பக்கம்.

துருக்காரன்

சக்கர அச்சைக் கழற்றினால், அச்சு நட் 32 மி.மீ., 186 நியூட்டன் மீட்டர். அதை இறுக்க முன்னம் சக்கரத்தைத் தரையில இறக்கிப்போடாதேங்கோ, பேரிங் போயிடும்.