பெரிய வீட்டுக் குழுவில் ஒரு நீர்மூழ்கி

சனிக்கிழமை

காலை 7:40
நான்: சமையலறைத் தராசை யாரும் தேட வேண்டாம். என்னிடம்தான் இருக்கிறது.

7:41
அம்மா: இரண்டு நாளாகத் தேடுகிறேன்! உனக்கு எதற்குத் தராசு?

7:41
நான்: நீர்மூழ்கிக்கு.

7:43
பெரியப்பா: போன மாதம் பாட்டிலில் ஒன்று செய்தாயே, அதற்குத் தம்பியா?

7:44
நான்: அதைப் பற்றிப் பேச வேண்டாம் பெரியப்பா.

7:44
சித்தி: எனக்குத் தெரியாதே. அது என்ன ஆயிற்று?

7:46
நான்: நீர்மட்டத்தில் நன்றாக மிதந்தது சித்தி. ஒரு முழம் கீழே அமுக்கினால், மேலே வராமல் தானாகவே அடிக்குப் போய்விட்டது. கல் மாதிரி.

7:52
பெரியப்பா: பாட்டில் மெல்லியது அல்லவா? ஆழம் கூடக் கூட நீர் அதை நசுக்கும். நசுங்கினால் அது விலக்கும் நீரின் அளவு குறையும், மிதப்பும் குறையும். அதனால் இன்னும் கீழே இறங்கும், இன்னும் நசுங்கும். ஒரு முறை சரிந்தால் பிறகு பிடிப்பே கிடையாது. உடம்பு விறைப்பாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன்.

7:53
நான்: நீங்கள் அன்றைக்குச் சிரித்தீர்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

7:53
மீனா அக்கா: 😂 அப்பா, இது உண்மை.

8:05
நான்: இந்த முறை பிவிசி குழாய். வெளி விட்டம் 75 மில்லிமீட்டர், நீளம் 40 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் மூடி. [படம்]

8:06
அப்பா: 👍

8:10
நான்: கணக்குப் போட்டால் குழாயின் வெளிக் கன அளவு ஏறத்தாழ 1,767 கன சென்டிமீட்டர் வருகிறது. அத்தனை நீரின் எடை 1,767 கிராம். அப்படியென்றால் மொத்த எடை அதை எட்டும்வரை அது மூழ்கவே மூழ்காது. குழாய், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்த்தேன். 920 கிராம்தான். அதற்குத்தான் தராசு.

8:12
சித்தி: மீதி எண்ணூற்றுச் சொச்சத்துக்கு என்ன செய்வாய்?

8:12
நான்: இரும்பு வாஷர். 830 கிராம் அளவுக்கு. 17 கிராம் மட்டும் பாக்கி வைத்தால், முதுகு லேசாக வெளியே தெரியும்.

8:15
அம்மா: ஒரு கிலோ இரும்பைப் போட்டால்தான் மூழ்கும் என்கிறாய். கப்பல் மூழ்குவதற்கு இவ்வளவு பாடா? ஊரில் எல்லாரும் கப்பல் மூழ்காமல் இருக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

8:21
மீனா அக்கா: உன் அம்மா சொன்னதுதான் இதில் உள்ள வேடிக்கை. முதல் முறை செய்கிறவர்கள் எல்லாரும் எடையில்தான் ஏமாறுவார்கள். காற்று அடைத்த குழாய் அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. தம்பி, வாஷர்களை ஒரே இடத்தில் குவிக்காதே. அடிவயிறு முழுக்கப் பரப்பி ஒட்டு. எடை கீழே, காற்று மேலே இருந்தால்தான் புரளாமல் நிற்கும். ஒட்டாமல் விட்டால், மூக்கு கொஞ்சம் சாய்ந்ததும் எல்லாம் முன்பக்கம் ஓடிவிடும்.

8:24
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:26
பாட்டி: அரைச் சொல்லாக எழுதி அழித்தது யார்? இந்தக் குழுவில் முழுச் சொல்லாகத்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

8:27
அத்தை: நான்தான் அம்மா. விரல் தவறிவிட்டது.

8:40
தாத்தா: 1620ஆம் ஆண்டு வாக்கில் கொர்னேலியஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர் தேம்ஸ் நதியில் துடுப்புப் போட்டு ஓட்டும் நீர்மூழ்கியைக் காட்டினார். மரச்சட்டத்தின் மேல் எண்ணெய் ஊறிய தோல் போர்த்தியது. தராசு தொலைந்ததாகச் செய்தி இல்லை.

8:41
அம்மா: மாமா, நீங்களும் அவனோடு சேர்ந்துகொண்டீர்களா?

மாலை 4:15
நான்: மூடிக்குச் சிலிகான் பசை தடவியாயிற்று. வீடெல்லாம் வினிகர் வாடை அடிக்கிறது என்று அம்மா சொல்கிறார்.

4:18
மீனா அக்கா: அது அசிட்டிக் அமிலம். பசை காயும்போது வெளிவரும். மின்பலகையை இப்போதே உள்ளே வைத்து மூடிவிடாதே, செம்பையெல்லாம் அரித்துவிடும். ஒரு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கட்டும். பேட்டரி மாற்றுகிற பக்கத்துக்குப் பசை வேண்டாம், ரப்பர் வளையம் போட்ட திருகு மூடி போதும்.

4:20
பெரியப்பா: மோட்டார் தண்டு வெளியே வருகிற ஓட்டை?

4:22
நான்: பித்தளைக் குழாய்க்குள் தண்டு. இடைவெளி முழுக்கக் கெட்டியான கிரீஸ்.

4:23
பெரியப்பா: நல்லது. நீர் புகுந்தால் அங்கேதான் முதலில் புகும். ஒன்று தெரிந்துகொள். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 100 கிராம் எடை அமர்ந்தது போல நீர் அழுத்தும். உன் மூடியின் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் நாலரைக் கிலோ மூட்டை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்.

4:31
பாட்டி: இவ்வளவு எதற்கு? அந்தக் காலத்தில் விரல் நீளத்தில் ஒரு பொம்மை நீர்மூழ்கி வந்தது. அடியில் பேக்கிங் பவுடர் அடைத்துத் தண்ணீரில் விட்டால் போதும். மூழ்கும், எழும், மறுபடி மூழ்கும்.

4:32
நான்: அது எப்படிப் பாட்டி?

4:35
பாட்டி: ஈரம் பட்டதும் மாவு பொங்கிக் காற்றுக்குமிழி கட்டும். குமிழி பொம்மையைத் தூக்கும். மேலே வந்ததும் பொம்மை சாயும், குமிழி கழன்றுவிடும், மறுபடி இறங்கும். 1950களில் அமெரிக்காவில் உணவுப் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். சமையல் சோடாவைப் போட்டுவிட்டு ஓடவில்லை என்று அழாதே. அதற்குப் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது.

4:36
அப்பா: 👍

ஞாயிற்றுக்கிழமை

மாலை 5:02
நான்: உள்ளே காகிதக் கைக்குட்டையை வைத்து மூடித் தொட்டியில் ஒரு மணி நேரம் அமுக்கி வைத்திருந்தேன். கைக்குட்டை உலர்ந்தே இருக்கிறது! மின்பலகையை வைத்து மூடிவிட்டேன். இப்போது வெள்ளோட்டம்.

5:03
அம்மா: உள்ளே மின்சாரம் இருக்கிறது, வெளியே தண்ணீர் இருக்கிறது. யாராவது பொறுப்பாகப் பதில் சொல்லுங்கள்.

5:05
மீனா அக்கா: 6 வோல்ட்தான் சித்தி, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. சார்ஜ் போடுவது மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் கூடாது. லித்தியம் பேட்டரியும் வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

5:06
அம்மா: சரி. மூக்கில் ஒரு கயிறு கட்டினால்தான் தண்ணீரில் விடலாம்.

5:06
நான்: அம்மா! நீர்மூழ்கிக்குக் கயிறா? நாய்க்குட்டியா அது?

5:07
அம்மா: கயிறு.

5:31
பெரியப்பா: என்ன ஆயிற்று? என் சிரிஞ்சு வேலை செய்ததா?

5:32
சித்தி: உங்கள் சிரிஞ்சா?

5:34
பெரியப்பா: யோசனை என்னுடையது. 60 மில்லி சிரிஞ்சு, மரையாணி, சின்ன மோட்டார். தண்டைப் பின்னால் இழுத்தால் நீர் உள்ளே வரும், படகு கனக்கும், இறங்கும். முன்னால் தள்ளினால் நீர் வெளியேறும், படகு ஏறும். நிஜ நீர்மூழ்கியின் நீர்த்தொட்டியும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது.

5:48
நான்: [காணொளி 0:42]

5:50
அத்தை: பார்த்தேன். அழகாக இறங்கியது. ஆனால் கடைசி இருபது நொடியும் வெறும் தண்ணீர்தான் தெரிகிறது.

5:51
நான்: அதுதான் அத்தை. இறங்கியது. அவ்வளவுதான். ரிமோட்டில் எதை அழுத்தினாலும் கேட்கவில்லை. அடியில் படுத்துக்கொண்டு சேற்றைக் கிளறியது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

5:51
அம்மா: எதைப் பிடித்து?

5:52
நான்: கயிற்றை.

5:52
அம்மா: சரி, சரி. சும்மா கேட்டேன்.

6:10
மீனா அக்கா: எந்த ரிமோட் போட்டாய்?

6:11
நான்: உடைந்த டிரோனில் இருந்தது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ்.

6:19
மீனா அக்கா: அதுதான் காரணம். அந்த அலைவரிசையை நீர் விழுங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் ஏறத்தாழ அங்கேதான், 2.45 ஜிகாஹெர்ட்ஸ். நீரில் அந்த அலை சில சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே களைத்துப்போகும். உன் தொட்டி ஒரு மீட்டர் ஆழம்! பழைய பொம்மைகளில் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் இருக்கும், நல்ல நீரில் அது சில மீட்டர் ஆழம்வரை எட்டும். உப்பு நீரில் அதுவும் பலிக்காது. நிஜ நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்ப 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கிப்போகிறார்கள்.

6:21
தாத்தா: 1898இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் வானொலி அலையால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அது நீருக்கு மேலேயே ஓடியது. விவரம் தெரிந்தவர்.

6:23
நான்: ஒன்று மட்டும் புரியவில்லை. தொடர்பு அறுந்தால் நின்றிருக்கத்தானே வேண்டும்? ஏன் கிளறிக்கொண்டே இருந்தது?

6:26
மீனா அக்கா: ரிசீவர் கடைசியாகக் கேட்ட உத்தரவையே பிடித்துக்கொண்டது. 'இறங்கு, ஓடு' என்றாய். பிறகு உன் குரல் கேட்கவில்லை. அது பாட்டுக்கு இறங்கியது, ஓடியது. தொடர்பு போனால் என்ன செய்ய வேண்டும் என்று சில ரிசீவர்களில் முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். நீ அமைக்கவில்லை.

6:30
அம்மா: கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் கேள். தனியாக விட்டால் தானாகத் திரும்பி வரத் தெரிந்த ஒன்றைச் செய். அதுவரை கயிறு உண்டு.

6:44
மீனா அக்கா: உன் அம்மா சொல்வது வேறு ஒரு வகை நீர்மூழ்கி. சிரிஞ்சே தேவைப்படாது.

6:44
பெரியப்பா: என்னது?

6:52
மீனா அக்கா: எப்போதும் கொஞ்சம் மிதக்கும்படியே எடையை வை, அந்த 17 கிராம் போதும். பக்கவாட்டில் இரண்டு தகட்டுச் சிறகுகளை முன்விளிம்பு கீழே சாய்ந்தபடி ஒட்டு. முன்னால் ஓடும்போது நீர் சிறகைக் கீழே தள்ளும், படகு இறங்கும். மோட்டார் நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, தானாக மேலே வரும். பேட்டரி தீர்ந்தாலும் வரும், அலை கிடைக்காவிட்டாலும் வரும்.

6:53
பெரியப்பா: ஓடினால்தான் மூழ்கும் என்றால் அது நீர்மூழ்கியா? நடுநீரில் அசையாமல் நிற்பதில்தான் அழகே இருக்கிறது.

6:54
மீனா அக்கா: நிற்கிற அழகை எல்லாரும் காணொளியில் பார்த்தோம் அப்பா. அடியில் நின்றது.

6:54
அப்பா: 😂👍

அடுத்த சனிக்கிழமை

காலை 11:20
நான்: பரணில் என் பழைய பொம்மை டாங்கி கிடைத்தது. 27 மெகாஹெர்ட்ஸ். பொத்தானை விட்டதும் மோட்டார் நின்றுவிடுகிறது! அதன் பலகையைக் கழற்றிக் குழாய்க்குள் வைத்துவிட்டேன். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், அதனால் இரண்டு புரொப்பெல்லர். ஒன்றை நிறுத்தினால் அந்தப் பக்கம் திரும்பும்.

11:24
மீனா அக்கா: இரண்டும் எதிரெதிராகச் சுழலட்டும். ஒரே பக்கம் சுழன்றால் உடம்பு மறுபக்கம் உருளப் பார்க்கும். எதிரெதிர்த் திருகு உள்ள புரொப்பெல்லர் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று பின்னால் இழுக்கும்.

11:25
நான்: அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன் அக்கா. நேற்று இரவு வாளிக்குள் பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது.

மாலை 5:15
நான்: மூழ்கியது!! ஓடினால் இறங்குகிறது, நிறுத்தினால் ஏறுகிறது. மூன்று முறை. நான்காவது முறை கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. தண்டு வளைந்துவிட்டது.

5:16
சித்தி: ஐயோ.

5:17
நான்: அம்மா, இப்போது கயிறுதான் ஆபத்து. தயவுசெய்து.

5:19
அம்மா: நாளைக்குத் தண்டை நிமிர்த்திவிட்டுக் கூப்பிடு. நானே வந்து பார்க்கிறேன்.

5:30
பெரியப்பா: அந்தச் சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

5:31
நான்: இல்லை பெரியப்பா. பத்திரமாக இருக்கிறது.

5:31
பெரியப்பா: அடுத்ததற்கு ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை

மாலை 5:40
அத்தை: என்ன, யாரையும் காணோம்? எல்லாரும் தொட்டி ஓரத்திலா?

5:58
அப்பா: நான் எழுதுகிறேன், மற்றவர்கள் கை ஈரமாக இருக்கிறது. இவனுடைய அம்மா தொட்டிக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். படகு முக்கால் மீட்டர் ஆழத்தில் வட்டம் அடிக்கிறது.

5:59
சித்தி: அண்ணன் இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை.

6:01
அப்பா: ரிமோட்டைக் கொடு என்று கேட்டாள். ஓட்டிப் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று இவன் ஆசையாகக் கொடுத்தான். வாங்கிப் பின்மூடியைத் திறந்து பேட்டரிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

6:01
அத்தை: படகு இன்னும் உள்ளேயா?

6:02
அப்பா: உள்ளேதான். யாரும் பேசவில்லை.

6:02
அப்பா: மூக்கு தெரிகிறது.

6:03
அப்பா: முதுகும் தெரிகிறது. மிதக்கிறது.

6:03
பாட்டி: உள்ளே ஈரம் உண்டா என்று திறந்து பார்க்கச் சொல்.

6:09
நான்: உலர்ந்தே இருக்கிறது பாட்டி.

6:10
அம்மா: கயிற்றை அவிழ்த்துக்கொள். தராசை இன்றிரவு எடுத்த இடத்தில் வை.

6:10
அப்பா: 👍