வாசற்படியில் ஒரு செருப்பு

மனச்சிதைவு நோய் பற்றி இங்கே எல்லோரும், நோயாளிக்கு மட்டும் குரல் கேட்பதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பாடு வாசற்படியில்தான். நாங்கள் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஆறு வருடமாகிறது.

கடற்கரைக்குப் போகவேண்டும் என்று அவனே சேட்டு மாற்றிக்கொண்டு வருவான். வலது காலைச் செருப்புக்குள் விடுவான், எடுப்பான், திரும்ப விடுவான். அரை மணித்தியாலம் இதே கதை. "போறதெண்டா போ, இல்லாட்டி உள்ள வா" என்று நான் கத்தினால் அன்றைக்குச் சாப்பாடும் கிடையாது. பிடிவாதம் என்றே நினைத்தோம். இந்த நோய்க்கு 1908இல் ஸ்கிட்சோஃப்ரினியா என்று பெயர் வைத்த சுவிஸ் மருத்துவர் ஒய்கன் புளோய்லர், ஒன்றை ஒரே நேரத்தில் வேண்டும், வேண்டாம் என்று மனம் இழுபடுவதை அதன் அடிப்படை அறிகுறிகளில் ஒன்றாகவே வைத்தவராம். பிந்தித்தான் எனக்குத் தெரியும்.

நடுவில் அம்மா நூல் கட்டிவிட்டுக் குளிசையை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் பழையபடி. நூலில் எனக்குக் கோபமில்லை, அது அம்மாவுக்கு மருந்து.

பிறகுதான் குளிசையோடு பேச்சுச் சிகிச்சையும். அந்தச் சிகிச்சை தந்த மிஸ், தம்பிக்குக் கேட்கும் குரலைப் பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. "எந்த நேரத்தில கூடக் கேக்குது? அது சொன்னதைச் செய்யாம விட்ட நாள் இருக்கா?" என்று கேட்டார். வாசலில் கேட்பது அப்பாவின் குரலாம்: "எங்கயடா வெளிக்கிட்டாய்?" அப்பா உயிரோடு இருக்கும்போது கேட்ட அதே கேள்வி. பிந்தி வந்தால் பெல்ட்டால் அடி விழும்.

கன்னியா வெந்நீரூற்றில் அப்பாவின் அந்தியேட்டிக்கு, சாவுக்குப் பிந்திய கிரியைக்கு, போனபோது தம்பி ஓட்டோவை விட்டு இறங்கவேயில்லை. சொந்தக்காரர் அதை இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். ஏழாவது சந்திப்பில் சொன்னானாம்: "அப்பா செத்தண்டு எனக்குச் சந்தோசம். அழுகையும் வந்தது. ரெண்டும் எப்பிடி வரும்?" என்னிடம் இதைச் சொல்லும்போது செருப்பின் வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

குரல் "திரும்பு" என்றால் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார் என்று மிஸ் பழக்கினார். அப்புறம் பத்து நிமிடம்.

பதில்: அக்கா, பேச்சு மட்டும் போதாதா? குளிசையால் என் மகன் நாள் முழுக்கத் தூங்குகிறான்.

பதிலுக்கு: நிறுத்திவிடாதீர்கள், அம்மா. தூக்கத்தை டொக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ நேரத்தையோ மாற்றலாம். பிரித்தானியாவில் சிகிச்சைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டல்கூட மருந்தோடு சேர்த்து பேச்சுச் சிகிச்சைக்குக் குறைந்தது 16 சந்திப்பு என்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதுதான், மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. தம்பிக்குக் குரல் இன்னும் கேட்கிறது. நேற்றும் ஒற்றைச் செருப்போடு நின்றான். நான் குசினிக்குள் போய்ப் பிளேன்டீ ஊற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு செருப்பையும் காணோம்.