தேங்காப்பட்டணம் சுவரில் ஜிக் தொலைந்துகொண்டே இருக்கிறது, சித்திரைக்கு என்ன மாற்றணும்?

குழித்துறைக்காரன்:
அண்ணன்மாரே, தேங்காப்பட்டணம் அலைத்தடுப்புச் சுவரின் வெளிப்பக்கம் தூண்டில் போடுகிறேன். ஒன்பதடி ராடு, 4000 ரீல், 0.23 மி.மீ. பிரெய்டு (பின்னல் நூல்), 40 கிராம் மெட்டல் ஜிக் (மீன் வடிவ உலோகப் பொய்யிரை), அதன் வாலில் மூன்றுமுனைக் கொக்கி. பாறை மீனும் சீலா மீனும் சாளைக் (மத்தி) கூட்டத்தை விரட்டுவது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ஜிக் பாதி கல்லிடுக்கில் போகிறது, மீதி எப்படி அறுகிறதென்றே பிடிபடவில்லை. ஏழரைக்கு மேல் கடியும் இல்லை. தடித்த நூல் போடவா? ஜூன் தடைக்காலம் கரையில் நிற்பவனுக்கும் உண்டா?

பொழிக்கரை:
தடித்த நூல் வேண்டாம். எறிதூரம்தான் குறையும், கல்லில் உரசினால் அதுவும் அறும். அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க, காரணம் அதிலேயே இருக்கும். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு நழுவியிருக்கு. நார் நாராகப் பிரிந்து, அதற்கு மேலேயும் ஒரு முழத்துக்குச் சொரசொரப்பு இருந்தால் கல். கத்தி போட்ட மாதிரி ஒரே வெட்டென்றால் சீலா பல்.

நழுவலுக்கு, பிரெய்டையும் லீடரையும் (ஜிக்குக்கு முன்னால் வரும் தடித்த நூல்) இணைக்கும் எஃப்ஜி முடிச்சு. பிரெய்டை லீடரின் இரண்டு பக்கமும் மாறி மாறி மொத்தம் 20 சுற்று, எச்சில் தொட்டு இறுக்கணும். சரியாக இறுகினால் பிரெய்டின் நிறம் கறுத்து வரும். வராவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடுங்க. லீடர் 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன், ஒன்றரை மீட்டர். ஜிக் பக்கம் ஒரு சாண் நீளத்தை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு ஜிக்கைத் திரும்பக் கட்டணும். இதற்குச் சோம்பல்பட்டுத்தான் பாதி ஜிக் போகுது.

வாலில் உள்ள மூன்றுமுனையைக் கழற்றிவிட்டு, தலையில் ஒற்றை அசிஸ்ட் கொக்கி (குட்டைக் கயிற்றில் தொங்கும் கொக்கி) மட்டும் போடுங்க. ஜிக் சாய்ந்து கல்லில் விழும்போது முதலில் தட்டுவது வால்தான். இந்த மாசங்களில் சாளை மேல்தண்ணீரில் நிற்கும், அதனால் அடிவரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீரைத் தொட்டதும் சுற்றத் தொடங்குங்க, கடைசிப் பத்து மீட்டரில் ராடு நுனியைத் தூக்கி வேகமாக. அப்படியும் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீங்க, ராடு ஒடியும். நாலடி பக்கவாட்டில் நகர்ந்து, ராடை நேராக நீட்டி, நூலை ஒரு மரக்குச்சியில் சுற்றி இழுங்க.

டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விடும் ரீல் பிரேக்) மூன்று கிலோ, கைக்கணக்கில் வேண்டாம், ஸ்பிரிங் தராசு மாட்டிப் பாருங்க. சீலா பல்லுக்கு, லீடருக்கும் ஜிக்குக்கும் நடுவே 15 செ.மீ. கம்பி.

நீரோடி ராடு:
கம்பியில் எனக்கு ஒப்புதல் இல்லை. தெளிந்த தண்ணீரில் பாறை மீன் கம்பியைக் கண்டால் கடைசி நேரத்தில் விலகும். 60 பவுண்டு லீடரில் ஒரு முழம் சேர்த்தால் இரண்டுக்கும் ஆகும், எப்போதாவது ஒரு ஜிக் போகும், போகட்டும்.

ஏழரைக்கு மேல் வெயில் ஏறினதும் கூட்டம் ஆழத்துக்கு இறங்கும், அது இயல்பு. பத்து மணிக்கு மேல் கடற்காற்று முகத்தில் அடிக்கும், 40 கிராம்கூட தூரம் போகாது. ஒன்று விடியலில் நில்லுங்க, இல்லையென்றால் சூரியன் விழுந்த பிறகு. நடுவில் வேண்டுமானால் ஆற்றுமுகம். நம்ம பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் நீர் இறங்கும்போது பொழி வாயில் கொடுவா காத்திருக்கும். உயிர் இறாலைக் கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளியைத் தொடாமல் குத்தணும். தொட்டால் அப்பவே செத்துவிடும். படகு வரும் வழிக்குக் குறுக்கே மட்டும் நூல் போடாதீங்க.

தடைக்காலம் விசைப்படகுக்கு. நம்ம மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கரைத் தூண்டிலுக்கு அது இல்லை, ஆனால் சோழக்காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கினால் அந்தச் சுவரில் எவனும் நிற்க முடியாது.

கொல்லங்கோடு வள்ளம்:
முடிச்சு, கம்பி எல்லாம் சரி மக்கா. சித்திரை, வைகாசியில் அந்தச் சுவரில் ஆளைக் கொண்டுபோவது கள்ளக்கடல். வானம் தெளிவு, காற்று இல்லை, கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் ஓடி இங்கே வந்து ஏறும்.

போனதும் டெட்ராபாட்டில் (சுவரோரம் கிடக்கும் நாலுகால் கான்கிரீட் கல்) இறங்காதீங்க. மேலே நின்று, ஒரே கல்லைக் குறிவைத்துப் பத்து அலை எண்ணுங்க. நம்ம காற்றலை 5 முதல் 8 விநாடிக்கு ஒன்று வரும். பத்து அலைக்கு 150 விநாடிக்கு மேல் பிடித்தால் அன்றைக்குத் தூண்டிலைக் கட்டிவையுங்க. பெரிய அலைகள் தொகுதியாக வரும், நடுவில் பத்து இருபது நிமிஷம் சும்மா கிடக்கும், அந்த அமைதியை நம்பித்தான் ஆள் கீழே இறங்குகிறான். ஹைதராபாத் இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) எச்சரிக்கையை முந்தின நாள் ராத்திரியே பார்த்துவிடுங்க. கேரளக் கரைக்கு, விழிஞ்ஞம், பூவார் பக்கம் எச்சரிக்கை இருந்தால் நமக்கும் அதேதான்.

குழித்துறைக்காரன்:
கொக்கியை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். பிடித்த அயிலையும் சூரையும் வீடு வருவதற்குள் குழைந்துபோகுதே, ஈரச்சாக்கு போதாதா?

பொழிக்கரை:
போதாது. அயிலை, சூரை, சாளை மூன்றும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும், பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, மீன் ஒரு கிலோ என்றால் பொடித்த ஐஸ் ஒரு கிலோ, அதில் கடல்தண்ணீர் கொஞ்சம் ஊற்றி முக்கிவையுங்க. வெறும் கட்டி ஐஸ் தொடும் இடம் மட்டும்தான் குளிரும்.