நீடாமங்கலத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேலை குறைகிறதா?

மூணாறுதலைப்பு:
போன வாரம் எங்கள் கம்பெனியில் மெயில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஐந்து நாளும் சென்னை ஆபீஸில் இருக்க வேண்டுமாம். காரணம் என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள்: உற்பத்தித்திறன். வீட்டில் இருப்பவன் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் 2020 மார்ச்சில், ஊரடங்குக்கு நாலு நாள் முன்னால் மன்னை எக்ஸ்பிரஸில் வந்து நீடாமங்கலத்தில் இறங்கியவன். பதினொரு வருடமாக புரோகிராம் எழுதுகிறேன். சென்னையில் இருந்தபோது பழைய மகாபலிபுரம் சாலையில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆபீஸில் போய் உட்காரும்போதே பாதி உயிர் போயிருக்கும். இங்கே நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருந்த அறையைக் காலி செய்து மேசை போட்டிருக்கிறேன். பழைய காலத்துச் சுவர், கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் உள்ளே வராது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தேன் என்றால், பத்து மணி மீட்டிங்குக்குள் அன்றைக்கு இருப்பதில் கஷ்டமான வேலை முடிந்திருக்கும்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவும் சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஒன்பது மாதம் சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13% கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். 2015ல் கட்டுரையாக வந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

குடந்தைக்காரன்:
தம்பி, நானும் கும்பகோணத்துக்காரன்தான். இருபத்திரண்டு வருடமாகச் சென்னையில் இந்த வேலையில் இருக்கிறேன், இப்போது நாற்பது பேர் என் பொறுப்பில். நீங்கள் சொன்ன சோதனையை முழுதாகப் படியுங்கள். வீட்டில் தனி அறை இருக்க வேண்டும், கம்பெனியில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், இன்டர்நெட் இருக்க வேண்டும். அப்படி இருந்து, தானாகக் கை தூக்கியவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். அந்த 13 சதவீதத்திலும் 9 சதவீதம், அவர்கள் கூடுதல் நேரம் போனில் உட்கார்ந்ததால் வந்தது. இடைவேளையும் உடம்பு சரியில்லை என்ற லீவும் குறைந்தன, அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்ற வேகத்தில் கூடியது 4 சதவீதம். சோதனை முடிந்து, "இனி உங்கள் இஷ்டம்" என்று விட்டபோது வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். வீட்டில் தனியாக இருப்பது அவர்களுக்குத் தாங்கவில்லை.

கால் சென்டரில் எத்தனை அழைப்பு என்று எண்ணிவிடலாம். நம் வேலையை எப்படி எண்ணுவீர்கள்? நம் துறையிலேயே ஆசியாவில் ஒரு பெரிய ஐடி நிறுவனத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் எடுத்து கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் என்ற மூன்று பேர் ஆராய்ந்தார்கள். வீட்டுக்குப் போனபின் வேலை நேரம் ஏறியது, செய்து முடித்தது ஏறவில்லை. கணக்குப் பார்த்தால் உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை இறங்கியது. மீட்டிங்கிலேயே நேரம் போனது, தொடர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது.

இன்னொன்றையும் ஊர்க்காரனாகக் கேட்கிறேன். என் டீமில் டெல்டாப் பையன்கள் மூன்று பேர். தை, மாசியில் சம்பா அறுப்பு வந்துவிட்டால் மூன்று பேருடைய கேமராவும் அணைந்தே கிடக்கும். கூப்பிட்டால் பின்னால் அறுவடை மெஷின் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

மூணாறுதலைப்பு:
அண்ணே, நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். ஒரு வருடம் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தோம். மழை வந்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். அப்பாவால் தனியாக முடியாது. குவியலை தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அதன் ஓரத்திலேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் மீட்டிங்கில் இருந்தேன். அன்றைக்கு நான் எழுதிக்கொடுத்த திருத்தம் தப்பு. ராத்திரி இன்னொருவர் விழித்திருந்து அதைச் சரிசெய்தார். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. அதற்குப்பிறகு அறுப்புக்கு முறையாக லீவு போடுகிறேன். வருடத்தில் ஆறு நாள். சென்னையில் இருந்தபோதும் அறுப்புக்கு லீவு போட்டுத்தான் வந்தேன், அப்போது போக வர இரண்டு நாள் சேர்த்து எட்டு நாள் ஆனது.

அந்த ஐடி நிறுவன ஆய்வைப் பற்றி: அவர்கள் வீட்டிலிருந்த காலம் 2020ன் ஊரடங்கு மாதங்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, வீட்டில் எல்லோரும் ஒரே கூடத்தில், எல்லோருக்கும் பயம். ஒரே நாளில் எந்த ஏற்பாடும் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள். அதை வைத்து இன்றைக்கு என்னை அளக்கக் கூடாது. அதே ப்ளூம், அதே நிறுவனத்தில் (இப்போது பெயர் டிரிப்.காம்) 1,612 பேரை வைத்து மறுபடி சோதித்தார். வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். 2024ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. வேலைத் தர மதிப்பீட்டில் இரண்டு வருடத்துக்கும் வித்தியாசமே இல்லை, பதவி உயர்விலும் இல்லை. விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அங்கே மேலாளர்களைச் சோதனைக்கு முன்னால் கேட்டபோது சராசரியாக 2.6 சதவீதம் உற்பத்தி குறையும் என்றார்கள். முடிந்தபின் கேட்டபோது 1 சதவீதம் கூடும் என்றார்கள். உங்களைப் போன்றவர்கள்தான் அண்ணே அவர்களும்.

குடந்தைக்காரன்:
லீவு போட்டுப் போகிறவரை எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனால் டிரிப்.காம் ஆய்வை நீங்களே மறுபடி பாருங்கள். அதில் மூன்று நாள் ஆபீஸ் இருக்கிறது. நீங்கள் கேட்பது ஐந்து நாளும் நீடாமங்கலம். அது வேறு, இது வேறு.

மாயவரத்துக்காரி:
இரண்டு பேரும் தனி அறை உள்ளவர்களாகப் பேசுகிறீர்கள். என் வீட்டில் தனி அறை கிடையாது. நான் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். ஓர் எழுத்து மாறினால் இன்சூரன்ஸ் பணம் நின்றுவிடும். மகனுக்கு மூன்று வயது. கூடத்தில் ஜன்னலோரம் தையல் மெஷின் மேசைதான் என் ஆபீஸ். சிலிண்டர்காரர் வந்தாலும் நான்தான் எழ வேண்டும், கோயிலுக்குப் போகிற வழியில் சின்ன மாமியார் எட்டிப் பார்த்தாலும் நான்தான் காபி போட வேண்டும். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்பது எல்லோருடைய எண்ணம். மதியம் பையன் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் நான் முடிப்பது, காலை முழுக்க முடிப்பதைவிட அதிகம்.

இந்தியாவிலேயே தரவு உள்ளீட்டு வேலைக்கு ஆள் எடுத்து, அட்கின், ஷோர், ஷிண்டே என்ற ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சிலரை வீட்டுக்கும் சிலரை ஆபீஸுக்கும் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் 18% குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. குடந்தை அண்ணனுக்கு இது பிடிக்கும். ஆனால் மீதியையும் கேளுங்கள். வீட்டு வேலைதான் வேண்டும் என்று விரும்பியவர்கள், தொடக்கத்தில் எல்லோருக்கும் வைத்த தேர்வில் மற்றவர்களைவிட 12% வேகமானவர்கள், பிழையும் குறைவு. அப்படிப்பட்டவர்களே வீட்டில் உட்கார்ந்தபோது, ஆபீஸில் செய்யக்கூடியதைவிட 27% குறைவாகச் செய்தார்கள். ஆபீஸை விரும்பியவர்களுக்கு அந்தக் குறைவு 13% தான். காரணங்களில் ஒன்று, வீட்டை விரும்பியவர்களில் குழந்தையும் வீட்டுப் பொறுப்பும் உள்ளவர்கள், வசதி குறைந்தவர்கள் அதிகம் என்பது. அந்த வரியைப் படித்தபோது என்னைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது.

ஆகவே எனக்கு வேகம் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் என்னோடு இந்த என்னை ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. சென்னைக்கு வா என்றால் நான் வேலையை விட்டுவிடுவேன். அப்போது என் உற்பத்தித்திறன் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவு? இதை எந்த மேலாளராவது கணக்கில் எடுக்கிறாரா?

குடந்தைக்காரன்:
அம்மா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் அறிக்கைகளில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

கீழவீதி:
தஞ்சாவூரில் பதினாலு பேரை வைத்து டேட்டா என்ட்ரி யூனிட் நடத்துகிறேன். சென்னையா வீடா என்று மட்டும் ஏன் பேசுகிறீர்கள்? என்னிடம் வருகிற பெண்கள் வல்லம், பாபநாசம், அய்யம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். காலை பத்து முதல் நாலு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டு, ஒரு லைன் அறுந்தால் இன்னொரு லைன் உண்டு. வீட்டில் பார்க்க அனுப்பியிருந்த காலத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு முடித்த படிவத்தைவிட, இங்கே வந்தபின் முடிப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதிகம். நல்ல நாற்காலியும் பக்கத்தில் கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தாலே போதும் என்பது நான் கண்டது. 2024ல் தஞ்சாவூரில் ஐடி கம்பெனிகளுக்காக நியோ டைடல் பூங்கா திறந்தார்கள். கம்பெனிகள் அங்கே நாலு நாற்காலி எடுத்துப் போட்டால் மூணாறு தம்பி சென்னைக்குப் போகவே வேண்டாம்.

மூணாறுதலைப்பு:
எனக்கு அதில் சம்மதம்தான். ஆனால் என் டீமில் தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பது நான் ஒருவன். அங்கே போய் உட்கார்ந்தாலும் ஹெட்போனில்தான் பேச வேண்டும். அதற்கு என் பத்தாய அறையே நல்லது.

கஜா மாதிரி ஒரு புயல் வந்தால் என்ன செய்வாய் என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 2018 நவம்பரில் எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் கிடையாது, டவர் கிடையாது, உண்மை. ஆனால் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆபீஸும் மூடித்தான் கிடந்தது.

ஓடம்போக்கி:
அண்ணன்களே, நான் திருவாரூர். காலேஜ் முடித்து எட்டு மாதம் ஆகிறது, முதல் வேலையே வீட்டிலிருந்துதான். இதுவரை டீமில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு புரோகிராம் என் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடவில்லை. சீனியரிடம் கேட்க மெசேஜ் அடிப்பேன், "இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்" என்று அழிப்பேன். இப்படியே இரண்டு நாள். ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, பிள்ளை எவ்வளவு வேலை பார்க்கிறான் பார் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். மூன்றாம் நாள் அந்த அண்ணனே கூப்பிட்டு, திரையைப் பகிரச் சொல்லி, ஒரு ஃபைலில் பாதை தப்பாக இருப்பதைக் காட்டினார். ஐந்து நிமிடம் ஆனது. என் இரண்டு நாளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

எனக்கு ஊர் பிடிக்கும். ஆனால் இப்போது கேட்டால் சென்னைக்குத்தான் போவேன். உங்கள் பக்கத்து நாற்காலியில் ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும் என்று இருக்கிறது.

குடந்தைக்காரன்:
இந்தத் தம்பி சொன்னதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல நினைத்தேன், சதவீதத்தில் போய் மாட்டிக்கொண்டேன். மூணாறு தம்பி, நீங்கள் வேலை கற்றது எங்கே? நான்கைந்து வருடம் யாரோ ஒரு சீனியரின் தோளுக்குப் பின்னால் நின்று கற்றிருப்பீர்கள். அவர் அன்றைக்கு ஊரில் இருந்திருந்தால்? காலை ஆறரைக்கு உட்கார்ந்து நீங்கள் முடிக்கும் வேலை உங்கள் பெயரில் ஏறுகிறது. இந்தப் பையன் இழந்த இரண்டு நாள் யார் பெயரிலும் ஏறுவதில்லை.

மூணாறுதலைப்பு:
இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை, ஒரு நாள் கழித்து எழுதுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நான் கேட்காமலே, என் முகத்தைப் பார்த்து "என்ன, மாட்டிக்கிட்டியா?" என்பார். அந்த முகம் பார்க்கிற வேலையை நான் இந்த வருடங்களில் ஒருவருக்கும் செய்யவில்லை. என் டீமில் இப்போது புதியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நேற்று இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். ஒருத்தி நாலு நாளாக ஓர் இடத்தில் நிற்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை.

ஐந்து நாள் கட்டளையை நான் இன்னும் ஏற்கவில்லை. வீட்டில் இருப்பவன் வேலை பார்ப்பதில்லை என்பதையும் ஏற்க மாட்டேன். ஆனால் மெயிலுக்குப் பதில் எழுதிவிட்டேன்: மாதத்தில் முதல் வாரம் சென்னை வருகிறேன், அந்த வாரம் எனக்குச் சொந்த வேலை எதுவும் வேண்டாம், புதியவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் நாற்காலி போடுங்கள் என்று.

குடந்தைக்காரன்:
ஒரு வாரம் போதாது என்பது என் கருத்து. முதல் ஆறு மாதத்துக்கு இரண்டு வாரமாவது வேண்டும். ஆனால் அப்படி ஒரு மெயில் எனக்கு வந்தால் கையெழுத்துப் போடுவேன். மூன்று டெல்டாப் பையன்களிடமும் அறுப்புக்கு எத்தனை நாள் லீவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கப்போகிறேன். இதுவரை நான் கேட்டதில்லை.

மாயவரத்துக்காரி:
கீழவீதி சார், உங்கள் யூனிட் மாதிரி மயிலாடுதுறையில் ஏதாவது வருமா? எனக்கு முழு நாள் வேண்டாம். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், வாடகைகூடக் கொடுப்பேன்.

கீழவீதி:
கச்சேரி சாலைப் பக்கம் ஒரு மாடி பார்த்து வைத்திருக்கிறேன்மா. எட்டு பேர் சேர்ந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன். உங்களையும் சேர்த்து இப்போது மூன்று பேர்.

மாயவரத்துக்காரி:
என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சீர்காழியில் இரண்டு பேர், குத்தாலத்தில் ஒருத்தி இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன். அந்த மாடிக்குப் பக்கத்தில் பால்வாடி இருக்கிறதா?