'நடேசிகோ' பார்த்தவர்களே, உங்களுக்குச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது?

கடைசிபெஞ்ச்_விமானி

1996 அக்டோபரில் தொடங்கி 1997 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஓடிய 'மார்ஷியன் சக்சஸர் நடேசிகோ' என்ற ஜப்பானிய அனிமே தொடர், மொத்தம் 26 பகுதி. தத்சுவோ சாட்டோ இயக்கியது. விண்வெளிப் போர், ராட்சத ரோபோ, நடுவே ஓயாத கலாட்டா. பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். கதை உடையும், பார்க்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

எனக்கு மூன்றாம் பகுதி. டைகோஜி என்று ஒரு பைலட். உண்மைப் பெயர் யமாடா ஜிரோ, அதைச் சொன்னால் கோபம் வரும். முதல் பகுதியிலேயே ரோபோவை வைத்து வித்தை காட்டப் போய்க் காலை ஒடித்துக்கொள்வான். 'கெக்கிகங்கர் 3' என்ற பழைய ரோபோ கார்ட்டூன்தான் அவனுக்கு உயிர். சரி, கடைசி வரை நம்மைச் சிரிக்க வைக்கப்போகிறவன் இவன்தான் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். தப்பி ஓடும் ராணுவ ஆட்கள் அவனைச் சுட்டுவிட்டுப் போகிறார்கள். வீர மரணமும் இல்லை, கடைசி வசனமும் இல்லை. ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன், நிஜமாகவே செத்துவிட்டான்.

சமையல்கட்டு

நான் பார்க்க ஆரம்பித்ததே கதாநாயகன் சமையல்காரன் என்பதால்தான். அகிட்டோ செவ்வாயிலிருந்து வந்தவன். ரோபோவோடு மூளையை இணைக்கும் நானோ சமாச்சாரம் அங்கே சாதாரண ஆட்களுக்கும் உண்டு, அது கையில் இருந்த பாவத்துக்கு இவனைப் பிடித்து பைலட் ஆக்கிவிடுகிறார்கள். "நான் சமைக்க வந்தவன்" என்று புலம்பிக்கொண்டே சண்டை போடுவான். அந்த எஸ்டிவாலிஸ் ரோபோவின் வடிவமைப்பும் பிடித்தது. பெரிய எஞ்சின் எதையும் சுமக்காது, தாய்க்கப்பலிலிருந்து ஈர்ப்பு அலையாக மின்சாரம் வரும். எல்லையைத் தாண்டிவிட்டால் பேட்டரி தீரும்வரைதான் ஆட்டம். மற்ற ரோபோ தொடர்களில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டார்கள்?

எனக்குச் சிரிப்பு நின்றது தொடரில் இல்லை, அதன் தொடர்ச்சியாக 1998 ஆகஸ்டில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' படத்தில். அகிட்டோவின் நாக்குக்கு ருசியே தெரியாமல் போயிருக்கும். சமையல்காரனுக்குப் போய் அதையா செய்வார்கள்!

வியாழன்_பல்லி

மேலே இருவரும் சோகத்தையே பேசுகிறீர்களே! வேலை ஒப்பந்தம் வருகிற பகுதி மறந்துவிட்டதா? இவர்கள் போகும் நடேசிகோ என்ற விண்கப்பல் நெர்கல் என்ற தனியார் கம்பெனியுடையது. கைகோர்ப்பதற்கு மேல் காதல் கூடாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், ஊழியர்கள் புரட்சி செய்வார்கள். இறந்தவர்களுக்கு அவரவர் மத முறைப்படி சடங்கு செய்வதும் கேப்டன் வேலை. பாவம் யூரிகா, உடை மாற்றி மாற்றி ஓடுவாள். இத்தனை கூத்துக்கும் நடுவில் பதினொரு வயது ரூரி கணினி முன் உட்கார்ந்து "எல்லாம் முட்டாள்கள்" என்று முணுமுணுப்பாள். அலுவலகத்தில் மீட்டிங் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வருகிறது.

ஆனால் உண்மையான அடி பின்பாதியில் விழுந்தது. எதிரிகளை வேற்றுக்கிரக ஜந்து என்று நம்பிக்கொண்டிருந்தால், நிலவிலிருந்து நூறு வருடம் முன்பு விரட்டப்பட்ட மனிதர்களின் வாரிசுகள்! அவர்களுக்கு வேதமே கெக்கிகங்கர் 3. இந்தப் பக்கம் டைகோஜி தலையில் வைத்துக் கொண்டாடிய அதே கார்ட்டூன். எதிரி அதிகாரி ஷிராடோரிக்கு டைகோஜியின் முகமே இருக்கும், இருவருக்கும் குரல் கொடுத்தவரும் அதே டோமோகாசு செகிதான். சமாதானம் பேச முன்வருகிற அவனையும் சொந்த ஆட்களே சுட்டுவிடுகிறார்கள். ஒரே கார்ட்டூனுக்கு ரசிகர்களாக இருந்தும் சண்டை தீரவில்லை. இணையத்தில் ரசிகர் குழுக்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

கடைசிபெஞ்ச்_விமானி

ஷிராடோரியை மறந்தே போயிருந்தேன். அந்தக் குரல் மறுபடி கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தது இப்போது ஞாபகம் வருகிறது. 14ஆம் பகுதியையும் யாராவது சொல்லுங்கள். கெக்கிகங்கர் கார்ட்டூனில் வரும் பாத்திரங்களே உட்கார்ந்து நடேசிகோவை டிவியில் பார்ப்பார்களே! இதுவரை நடந்த கதையைச் சுருக்கிச் சொல்ல இதைவிடக் குறும்பான வழியை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

புதுசா_வந்தேன்

அண்ணா, கதை உடையும் என்று சொல்லியும் முழுசாகப் படித்துத் தொலைத்தேன். இனி பார்த்து பிரயோசனம் உண்டா? படத்திலிருந்து தொடங்கலாமா?

சமையல்கட்டு

தாராளமாகப் பாருங்கள், தெரிந்து பார்த்தாலும் டைகோஜி சிரிக்க வைப்பான். படத்தில் மட்டும் தொடங்காதீர்கள். தொடர் முடிந்து மூன்று வருடம் கழித்து நடக்கிற கதை அது. இடையில் நடந்ததில் பாதி சேகா சாட்டர்ன் வீடியோ கேமில் போய்விட்டது, அதனால் தொடரை முழுக்கப் பார்த்தவர்களே தலையைச் சொறிந்தோம். 1999இல் அந்தப் படத்துக்கு அறிவியல் புனைகதைக்கான ஜப்பானின் செய்யுன் விருது கிடைத்தது, அது வேறு விஷயம். முதல் மூன்று பகுதிகளை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.